பழைய டொல்பின் வானைப் பராமரித்தலும் பழுது கண்டறிதலும்: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

இலங்கையில் எல்லோரும் ‘டொல்பின்’ என்று அழைக்கும் வான், டொயோட்டா நிறுவனம் 1989 முதல் 2004 வரை ஜப்பானியச் சந்தைக்கு உற்பத்தி செய்த ஹையேஸ் தலைமுறையைச் சேர்ந்தது. அங்கே சில ஆண்டுகள் ஓடிய பின்னர் ரீகண்டிஷன் வண்டியாக இங்கே வந்து, பாடசாலைச் சேவைக்கும் திருமணப் பயணத்துக்கும் கட்டுநாயக்கா விமான நிலைய ஓட்டத்துக்கும் இன்றுவரை உழைத்துக்கொண்டிருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வானை விற்றுப் புதியது வாங்கும் வழி பலருக்கு அடைபட்டுப்போனதால், 25 அல்லது 30 ஆண்டுப் பழைமையான வண்டியைத் தொடர்ந்து ஓடவைப்பது பல வீடுகளில் தொழில் சார்ந்த தேவையாகிவிட்டது.

இந்த விளக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் டீசல் டொல்பின் வைத்திருக்கும், இதுவரை எஞ்சினைத் தொட்டுப் பார்த்திராத ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. இந்த வானின் எஞ்சின் முன் ஆசனங்களின் கீழே இருப்பதால், ஆசனத்தைத் தூக்கினால் மட்டுமே அது கண்ணில் படும். அதனால் உரிமையாளர்கள் மாதக்கணக்கில் அதைப் பார்ப்பதேயில்லை. நான் கண்டவரையில் இந்த வான்களின் எஞ்சின் கெடுவதற்கு முதற்காரணம் கிலோமீற்றர் அன்று, வெப்பம். ஆகவே குளிரூட்டலுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதற்படி: உங்கள் வண்டி எதுவென்று அறிதல்

வண்டியின் உலோகத் தகட்டில் மாதிரி எண்ணும் பிரேம் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். எல்.எச்.113 என்று தொடங்கினால் அதில் 2,779 சிசி கொள்ளளவுள்ள 3எல் எஞ்சின் இருக்கும். பின்னர் வந்த சில மாதிரிகளில் 2,986 சிசி கொள்ளளவுள்ள 5எல் எஞ்சின் உண்டு. இரண்டும் டர்போ இல்லாதவை. இரண்டிலும் பழுது பார்க்கும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். தகட்டைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பின் பஞ்சிகாவத்தைக் கடைகளில் உதிரிப்பாகம் கேட்கும்போது ‘டொல்பினுக்கு’ என்று மட்டும் சொன்னால், வேறு மாதிரிக்குரிய பாகம் கையில் வந்துசேரும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் படி: குளிர்ந்த எஞ்சினில் குளிரூட்டலைச் சோதித்தல்

இதைக் காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னரே செய்ய வேண்டும். சூடான எஞ்சினில் ரேடியேற்றர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் நீர் மூடி தளர்ந்த கணத்தில் கொதித்துச் சீறி, முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும்.

மூடியைத் திறந்ததும் நீர் கழுத்துவரை நிற்க வேண்டும். சேமிப்புப் போத்தலில் நீர் சரியாக இருந்து ரேடியேற்றரில் குறைந்திருந்தால், மூடியின் இறப்பர் வளையமோ அதன் நடுவிலுள்ள சிறிய வால்வோ கெட்டிருக்கலாம். மூடி மலிவானது, ஐயம் வந்தால் மாற்றிவிடுங்கள், ஆனால் பழைய மூடியில் பொறிக்கப்பட்ட அதே அழுத்த அளவுள்ளதையே வாங்குங்கள். அடுத்து நீரின் நிறத்தைப் பாருங்கள். பழுப்பு நிறம் துருவைக் காட்டுகிறது. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

குடாநாட்டில் வாழும் நமக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. நமது கிணற்று நீர் சுண்ணாம்புக்கல் படுகையிலிருந்து வருவதால் கடினத்தன்மை மிகுந்தது. பல இடங்களில் உவர்ப்பும் சேர்ந்திருக்கிறது. கேத்தலின் அடியில் நாளடைவில் படியும் வெள்ளைப் படிவுதான் ரேடியேற்றரின் நுண்ணிய குழாய்களிலும் எஞ்சினின் நீர்வழிகளிலும் படிகிறது. வெளியே பளபளப்பாகத் தெரியும் ரேடியேற்றர் உள்ளே பாதி அடைபட்டிருப்பதற்கு இதுவே காரணம். கிணற்று நீரை ஊற்றும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையும் எதிலீன் கிளைக்கோல் அடிப்படையிலான கூலன்டையும் சம அளவில் கலந்து நிரப்புவதே முறை. நமக்கு உறைபனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூலன்ட் நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. அதிலுள்ள துருத்தடுப்பு மருந்து நீர்ப்பம்பையும், சிலிண்டர்களை மேலிருந்து மூடும் சிலிண்டர் ஹெட்டையும் காக்கிறது. யாழ்ப்பாணத்து வெயிலில் இவை இரண்டும் நமக்கு வேண்டியவையே. வழியில் வேறெதுவும் கிடைக்காத அவசரத்துக்கு, கிணற்று நீரைவிடச் சுத்தமான மழைநீர் மேல்.

பின்னர் ஆசனத்தைத் தூக்கி, இறப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு, வீக்கம், கிளிப்பைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உலர்ந்த தடம் ஆகியவை கசிவின் அடையாளங்கள். பின்புற ஹீட்டர் உள்ள வான்களில் வண்டியின் அடியில் செல்லும் குழாய்களையும் பார்க்க மறவாதீர்கள். நம் ஊரில் அந்த ஹீட்டரை யாரும் பயன்படுத்துவதில்லையென்றாலும், துருப்பிடித்த குழாய் ஒன்று வெடித்தால் நீர் முழுவதும் அதன் வழியே போய்விடும்.

அடுத்த சோதனை மட்டும் வண்டி ஓடி நின்ற பின்னர் செய்ய வேண்டியது. சூட்டுக்கேற்ப விசிறியை எஞ்சினோடு இணைக்கும் பாகமான விஸ்கஸ் கப்ளிங்கை, எஞ்சின் நிறுத்தப்பட்டு, சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கும்போது மட்டும் கையால் சுழற்றிப் பாருங்கள். நன்றாக ஓடிச் சூடான எஞ்சினில் விசிறி கனமாகத் திரும்ப வேண்டும். தள்ளியவுடன் தடையின்றிப் பல சுற்று ஓடினால், உள்ளிருக்கும் சிலிக்கோன் எண்ணெய் கசிந்து கப்ளிங் செயலிழந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் சரியாக இருந்து, நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறும் வான்களில் பெரும்பாலும் இந்தக் குறையே இருக்கும். அதற்கு மாறாக, வேகமாக ஓடும்போதும் ஏற்றத்திலும் சூடேறினால் ரேடியேற்றர் அடைப்பையே முதலில் ஐயுற வேண்டும்.

மூன்றாம் படி: தேர்மோஸ்டாட்டைச் சோதித்து, காற்றை வெளியேற்றி நிரப்புதல்

எஞ்சின் சூடேறும்வரை நீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் தடுத்து, சூடேறியதும் திறக்கும் வால்வே தேர்மோஸ்டாட். வெப்ப நாட்டுக்கு அது தேவையில்லை என்று சொல்லி அதைக் கழற்றி எறியும் பழக்கம் நம் கராஜ்களில் இன்னும் இருக்கிறது. இதை நான் முற்றாக மறுக்கிறேன். பல டொயோட்டா எஞ்சின்களில் தேர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடிப்பகுதி உட்சுற்று வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் நீரில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி, ஏற்றத்தில் வெப்பத்தை மேலும் உயர்த்தும்.

சோதிக்கும் முறை எளிது. கழற்றிய தேர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ள வெப்பநிலையை ஒட்டி அது திறக்கத் தொடங்க வேண்டும். பொதுவாக அது 82 பாகை சென்டிகிரேட்டாக இருக்கும். கொதிநிலையை நெருங்கியும் திறக்கவில்லையென்றால் புதியது போடுங்கள், கஸ்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

நிரப்பும்போது ஹீட்டர்க் கட்டுப்பாட்டை முழுச் சூட்டில் வைத்து, கலவையை மெதுவாக ஊற்றுங்கள். முன்பக்கம் சற்று உயர்ந்த தரையில் வண்டியை நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, மூடியைத் திறந்தபடியே குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுங்கள். தேர்மோஸ்டாட் திறந்ததும் நீர் மட்டம் இறங்கும். குமிழிகள் நிற்கும்வரை ஊற்றி, பின் மூடுங்கள். அடுத்த நாட்காலை மறுபடியும் மட்டத்தைப் பார்க்க வேண்டும். காற்று அடைபட்டு நின்ற இடத்தில் சிலிண்டர் ஹெட் நீரின்றிச் சூடேறி வெடிக்கக்கூடும் என்பதால் இந்த மறுபார்வையைத் தவிர்க்காதீர்கள்.

புதிய நீர் ஊற்றிய பின்னரும் குமிழிகள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால், அல்லது குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களிலேயே மேல் குழாய் கல்லைப்போல இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயு நீருக்குள் நுழைகிறது என்று பொருள். சிலிண்டர் ஹெட்டின் கீழுள்ள அடைப்புத் தகடான ஹெட் கஸ்கெட்டோ, சிலிண்டர் ஹெட்டோ போயிருக்கிறது. இது வீட்டில் செய்யும் வேலை அன்று.

ஓடும்போது வெப்ப ஊசி வழக்கமான இடத்திலிருந்து மேலே நகர்ந்தாலே ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுக்குங்கள். நீர் முழுவதும் போய்விட்டால் உணரி வெறும் ஆவியில் நிற்பதால் ஊசி தாழ்ந்தும் காட்டலாம். எனவே ஊசி இறங்கிவிட்டதே என்று நம்பி ஏ9 வீதியில் இன்னும் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்காதீர்கள். எஞ்சின் நன்றாக ஆறும்வரை குளிர்ந்த நீரை ஊற்றவும் கூடாது.

நான்காம் படி: ஸ்டார்ட் ஆகாதபோது

முதலில் எஞ்சின் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். சுற்றாமல் விளக்குகளும் மங்கினால் பற்றரியைப் பாருங்கள்: ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரையும் இருக்க வேண்டும். முனைகளில் பச்சைப் பூஞ்சு இருந்தால் சுரண்டித் துடைத்த பின்னரே புதிய பற்றரியைப் பற்றி யோசியுங்கள். விளக்குகள் பிரகாசமாக இருந்து ‘டக்’ என்று ஒரே ஒலி மட்டும் கேட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் செலுத்தும் மின்காந்த ஆளியான சொலினோயிட்டின் உள்ளேயிருக்கும் செப்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கக்கூடும். அவற்றை மட்டும் மாற்ற முடியும். முழு ஸ்டார்ட்டரையும் வாங்கச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

எஞ்சின் சுற்றியும் பற்றாவிட்டால், சாவியை ஒன் நிலைக்குத் திருப்பும்போது டீசல் பம்பில் டீசலைத் திறந்து மூடும் நிறுத்து சொலினோயிட் ‘கிளிக்’ என்று ஒலிக்கிறதா என்று கேளுங்கள். ஒலி இல்லையென்றால் அதற்கு மின்சாரம் போகவில்லை, அல்லது அது கெட்டுவிட்டது. ஒலி இருந்தும் பற்றவில்லையென்றால் டீசலில் காற்றோ நீரோ இருக்கலாம். டீசல் பில்டரின் மேலுள்ள கைப்பம்பை அது இறுகும்வரை அழுத்துங்கள். எவ்வளவு அழுத்தியும் இறுகாவிட்டால் தாங்கிக்கும் பில்டருக்கும் இடையே எங்கோ காற்று நுழைகிறது. பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, ஒரு போத்தலில் சிறிது வடித்துப் பாருங்கள். நீர் அடியில் பிரிந்து நிற்கும். இந்தப் பம்பின் உட்பாகங்களுக்கு டீசலே உராய்வுநீக்கி என்பதால், நீர் சேர்ந்த டீசலோடு ஓட்டுவது பம்பையே அழிக்கும். மாதமொருமுறை இப்படி வடித்துப் பார்ப்பதற்குச் செலவு எதுவுமில்லை.

காலையில் மட்டும் வெண்புகையோடு தடுமாறிப் பற்றினால், ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளைச் சந்தேகியுங்கள். இணைப்புப் பட்டையைக் கழற்றி, மல்டிமீற்றரால் ஒவ்வொரு பிளக்கின் தடையையும் அளந்தால், நல்ல பிளக் மிகக் குறைந்த ஓமும் கெட்டது முடிவிலியும் காட்டும். பற்றரியை நேராகத் தொடுத்துச் சோதிக்காதீர்கள். சில பிளக்குகள் 12 வோல்ட்டுக்குக் குறைவான மின்னழுத்தத்துக்கு உருவாக்கப்பட்டவை. புதியது வாங்கும்போதும் அந்த அளவு பொருந்த வேண்டும்.

ஐந்தாம் படி: புகை

ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் வேண்டியிருப்பதால், பலர் அந்த வாரத்தில்தான் புகையைக் கவனிக்கிறார்கள். கரும்புகைக்கு முதலில் காற்று பில்டரை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவாவிட்டால் மாற்றுங்கள். அதன் பின்னரும் நீடித்தால், டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர்களைச் சோதனை மேசையில் பார்க்கச் சொல்ல வேண்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பின்னும் இனிப்பு வாசனையுடன் நீடிக்கும் வெண்புகை மூன்றாம் படியில் சொன்ன ஹெட் பழுதின் அறிகுறி.

ஆறாம் படி: பிரேக்கும் ஓல்டனேட்டரும்

இவை இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டீசல் எஞ்சினில், மிதிப்பதை எளிதாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை இந்த வானில், பற்றரியை மின்னேற்றும் ஓல்டனேட்டரின் பின்னால் பொருத்திய சிறு பம்ப் உண்டாக்குகிறது. அதற்கு எஞ்சின் எண்ணெய் ஒரு குழாய் வழியே வருகிறது. எஞ்சினை நிறுத்தி, மிதிகட்டையைப் பலமுறை மிதித்து, பின் அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். காலின் கீழே அது சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வெற்றிடக் குழாயையும் பம்பையும் உடனே பார்க்க வேண்டும், அதுவரை பயணிகளை ஏற்றக் கூடாது. ஓல்டனேட்டரைச் சுற்றி எண்ணெய் படிந்திருந்தால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். எண்ணெய் உள்ளே புகுந்து ஓல்டனேட்டரையும் கெடுத்துவிடும்.

ஏழாம் படி: டைமிங் பெல்ட்டும் எண்ணெயும்

வால்வுகளைப் பிஸ்டனின் அசைவோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்து, எஞ்சினைப் பிரிக்க நேரும். டாஷ்போர்டில் வரும் பெல்ட் எச்சரிக்கை விளக்கு ஓடிய தூரத்தை எண்ணித்தான் எரிகிறது. பெல்ட்டின் நிலை அதற்குத் தெரியாது. மீற்றர் திருப்பப்பட்ட வண்டியில் அந்த விளக்கை நம்புவதில் பயனில்லை. ஆகவே கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சான்று இல்லாத வானை வாங்கினால், முதல் வாரத்திலேயே பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்சனர் பெயரிங்கையும் தேர்ந்த மெக்கானிக்கிடம் மாற்றுவித்து, திகதியையும் மீற்றர் எண்ணையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி, ஆசனத்தின் அடியில் எஞ்சின் மூடியில் ஒட்டுங்கள். எஞ்சின் எண்ணெயை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பில்டரோடு சேர்த்து மாற்றினால் போதும். டீசலுக்குரிய 15டபிள்யூ-40 தரம் நம் காலநிலைக்குப் பொருந்தும்.

எட்டாம் படி: உடற்பகுதி

கடற்காற்று வீசும் ஊர்களில் தகரம் உட்புறத்திலிருந்தே அரிக்கப்படுகிறது. மாரி தொடங்குமுன் தரை விரிப்பைத் தூக்கி, படிக்கட்டின் உட்பகுதியையும் சில்லு வளைவுகளையும் தட்டிப் பாருங்கள். மந்தமான ஒலி வரும் இடத்தில் பெயின்ட்டின் கீழே துரு பரவியிருக்கும். கதவுகளின் அடிவிளிம்பிலுள்ள சிறு வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். சறுக்குக் கதவு கனமாக இழுபட்டால் தண்டவாளத்திலுள்ள பழைய கிறீஸையும் மணலையும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, உருளைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே புதிய கிறீஸ் பூசுங்கள். கதவு மூடியபின் அதன் பின்விளிம்பை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நடு உருளையை மாற்றும்வரை பாடசாலைப் பிள்ளைகளை அந்தக் கதவருகே உட்காரவைக்காதீர்கள்.