பெங்களூரில் தனி ஆளாக ஒரு இன்ஸ்டலேஷன் காட்சி: இருட்டு, தூரம், கரன்ட்

இன்ஸ்டலேஷன் என்றால் அறை முழுவதையும் ஒரே கலைப் படைப்பாக்குவது; இங்கே இருட்டறைச் சுவரில் ப்ரொஜெக்டரால் வீடியோ காட்டுவது. முதலில் ஹாலைப் பாருங்கள், ப்ரொஜெக்டரை அப்புறம் பார்க்கலாம். குமரகிருபா ரோட்டின் சித்ரகலா பரிஷத் ஆகட்டும், வேறு வாடகைக் கேலரி ஆகட்டும், பகலில் ஒரு தடவை போய் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் நில்லுங்கள். அதற்குப் பிறகும் கைவிரல் தெரிந்தால் எங்கோ வெளிச்சம் கசிகிறது. கதவடி இடுக்கு, வென்டிலேட்டர், ஏ.சி. பைப் போகும் ஓட்டை, இந்த மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள்.

ஜன்னலுக்குத் தடித்த பிளாக்அவுட் துணி போடுங்கள்; மெல்லிய கறுப்பு சாட்டின் உதவாது. விளிம்பில் 15 செ.மீ. கூடுதலாக விட்டு கேஃபர் டேப் (பசை ஒட்டாமல் உரிக்க வரும் துணி டேப்) ஒட்டுங்கள். செலோடேப், பிரவுன் டேப் பெயின்ட்டை உரித்துக்கொண்டு வரும், டெபாசிட்டும் அதோடு போகும். நுழைவாயிலில் 1.5 மீட்டர் இடைவெளியில் இரண்டு திரை தொங்கவிட்டு, வழியை 'எல்' வடிவில் திருப்புங்கள். ஒரு திரை மூடிய பிறகே அடுத்தது திறக்கும். வழியின் அகலம் 1.2 மீட்டர் இருந்தால் வீல்சேரும் போகும்.

இனி தூரக் கணக்கு. படத்தின் அகலத்தை த்ரோ ரேஷியோவால் (ப்ரொஜெக்டரின் விவரக் குறிப்பில் இருக்கும் எண்) பெருக்கினால் ப்ரொஜெக்டர் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று வரும். 4 மீட்டர் அகலப் படத்துக்கு 1.5 ரேஷியோ மெஷின் 6 மீட்டர் தள்ளி நிற்கும். நடுவில் வருகிறவர்களின் நிழல் சுவரில் விழும். 0.5 ரேஷியோ ஷார்ட் த்ரோ என்றால் 2 மீட்டர் போதும். மேலே தொங்கவிட்டால் நிழல் தொல்லை பெரிதும் குறையும். வாடகை கொஞ்சம் கூடினாலும் ஷார்ட் த்ரோதான் எடுக்க வேண்டும், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நீளச் சுவருக்கு இரண்டு மெஷின் சேர்த்தால் படங்கள் 15 சதவீதம் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். 1920 பிக்ஸல் அகலத்தில் அது 288. ஆகவே வீடியோவை 3840-க்கு அல்ல, 3552 அகலத்துக்கு ரெண்டர் செய்யுங்கள். 4 மீட்டர் படங்கள் இரண்டு சேர்ந்து 7.4 மீட்டர் வரும். சேரும் பட்டையை சாஃப்ட்வேர் சமன்படுத்தும். ஆனால் அந்தப் பட்டையின் கறுப்பை அதனால் குறைக்க முடியாது. ப்ரொஜெக்டரின் 'கறுப்பு' உண்மையில் மங்கிய சாம்பல். இரண்டு சாம்பல் ஒன்றாக விழும் இடம், இருண்ட காட்சியில் செங்குத்தாக ஒரு வெளிறிய பட்டையாகத் தெரியும். மற்ற பகுதிகளின் கறுப்பைச் சற்று உயர்த்துங்கள், அல்லது முழு இருட்டுக் காட்சியையே தவிர்த்துவிடுங்கள்.

கரன்ட்டை எழுதிக் கணக்கிடுங்கள். ப்ரொஜெக்டர் 350 வாட் வீதம் இரண்டு, கம்ப்யூட்டர் 500, ஸ்பீக்கர்கள் 240: சுமார் 1440 வாட், அதாவது 230 வோல்ட்டில் 6 ஆம்பியருக்கு மேல். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி ஒரே 6 ஆம்பியர் பாயின்ட்டில் செருகினால் பிளக் சூடேறி உருகக்கூடும். 16 ஆம்பியர் பாயின்ட் கேளுங்கள், ஏ.சி.க்குத் தனி லைன். அல்சூர், சிவாஜி நகர் பக்கம் தமிழ் பேசும் வயர்மேன் கிடைப்பார். எர்த்தை அவரிடம் சோதிக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் வெவ்வேறு எர்த்தில் இருந்தால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும். இரண்டையும் ஒரே 3 கே.வி.ஏ. ஆன்லைன் யூ.பி.எஸ்.சில் போட்டால் பெரும்பாலும் அது போய்விடும்.

அந்த வாட் எல்லாம் கடைசியில் உஷ்ணமாகும். பதினைந்து பேர் நின்றால் ஆளுக்கு 100 வாட் வீதம் இன்னும் 1500. மூடிய அறைக்கு 1.5 டன் ஏ.சி. குறைந்தபட்சத் தேவை.

கேபிளில் ஒரே எச்சரிக்கை: 10 மீட்டர் தாண்டினால் சாதாரண எச்.டி.எம்.ஐ. நம்பகமல்ல, ஆப்டிகல் (கண்ணாடி இழை வழி ஒளியாக அனுப்பும்) எச்.டி.எம்.ஐ. வாங்குங்கள், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் தேடிப் பாருங்கள். வருகிறவர்களின் அசைவை அறிய யூ.எஸ்.பி. 2.0 சென்சார் வைத்தால் அதன் கேபிளுக்கு வரம்பு 5 மீட்டர்.

கரன்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானே எழ பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை மெனு) ஒரு செட்டிங் இருக்கும், அதை இயக்குங்கள். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்துங்கள், 7.4 மீட்டரில் நீலத் திரை தெரிந்தால் அதையும் கலை என்று நினைப்பவர்கள் உண்டு. வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடும் காட்சி இருந்தால் வாசலில் கன்னடம், தமிழ், ஆங்கிலத்தில் எச்சரிக்கைப் பலகை வையுங்கள். வலிப்பு உள்ளவர்கள் உள்ளே வருவதற்கு முன்பே அதைப் படித்திருக்க வேண்டும்.