உணவுப் பாதுகாப்பு ஆடிட்: சான்றிதழை நம்பி எங்கே ஏமாறுகிறோம்?

உணவு ஆலையோ பண்ணையோ பாதுகாப்பாக நடக்கிறதா என்று வெளியாள் வந்து சோதித்து, மதிப்பெண்ணும் அறிக்கையும் தருவதுதான் ஆடிட். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அறிக்கையைப் படிக்காமல் விடுவதுதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய தவறு. 2011 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் கொலராடோவில் ஜென்சன் ஃபார்ம்ஸ் என்ற முலாம்பழப் பண்ணையில் வெளி ஆடிட் நடந்தது. நூற்றுக்கு 96 மதிப்பெண்ணும் 'மிகச் சிறப்பு' என்ற தரமும் கிடைத்தன. அந்த மாதக் கடைசியிலேயே அந்தப் பழத்தால் லிஸ்டீரியா என்ற கிருமி தொற்றிய நோயாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். 28 மாநிலங்களில் 147 பேர் பாதிக்கப்பட்டார்கள், 33 பேர் இறந்தார்கள்.

ஆடிட்டர் எதையும் மறைத்துவிடவில்லை. பழம் கழுவும் தண்ணீரில் கிருமிநாசினி கலக்கவில்லை என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். ஆனால் அவர் கையில் இருந்த படிவத்தில் அது பெரிய குறையாகக் கணக்காகவில்லை. அதனால் மதிப்பெண் குறையவில்லை, சரக்கும் நிற்கவில்லை. அந்த வரியைப் படித்த யாராவது ஒரு போன் போட்டிருக்கலாம். கேள்விப் பட்டியலில் இல்லாத ஆபத்துக்கு ஆடிட்டில் மதிப்பெண்ணும் இருக்காது. எனவே அறிக்கை வந்ததும் முதலில் குறிப்புகளைப் படியுங்கள், எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த தவறு, ஆடிட்டருக்குக் காசு கொடுத்தது யார் என்று கேட்காமல் விடுவது. 2008-09-இல் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்தின் வேர்க்கடலை வெண்ணெயாலும் (பீனட் பட்டர்) விழுதாலும் சால்மொனெல்லா என்ற கிருமி பரவியது. 46 மாநிலங்களில் 714 பேருக்கு நோய், ஒன்பது பேர் சாவு. அந்த வெண்ணெயும் விழுதும் பல நிறுவனங்களின் பிஸ்கட்டிலும் ஐஸ்கிரீமிலும் கலந்திருந்ததால் 3,900-க்கும் மேற்பட்ட பொருட்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஜார்ஜியா மாநிலம் பிளேக்லியில் இருந்த அந்த ஆலைக்கும் 2008-இல் 'மிகச் சிறப்பு' தரம் கிடைத்திருந்தது. ஆடிட் கட்டணம் கட்டியது அந்த ஆலையேதான், வரும் தேதியும் அதற்கு முன்கூட்டியே தெரியும். கெல்லாக் நிறுவனம் இந்த அறிக்கையை நம்பிச் சரக்கு வாங்கியது. நெஸ்லே தன் ஆட்களையே அனுப்பிப் பார்த்தது. 2002-இல் பிளேக்லி ஆலையையும், 2006-இல் அதே நிறுவனத்தின் டெக்சாஸ் ஆலையையும் வேண்டாம் என்று ஒதுக்கியது.

சிறு நிறுவனங்கள் நெஸ்லே போல ஆள் அனுப்ப முடியாது, உண்மைதான். ஆனால் ஆபத்து அதிகமான ஒன்றிரண்டு மூலப்பொருட்களுக்காவது நேரில் போய்ப் பார்க்கலாம். முன்னறிவிப்பில்லாத ஆடிட் எப்போது நடந்தது என்று சப்ளையரிடம் கேட்கலாம். எஃப்.எஸ்.எஸ்.சி. 22000 என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் முறையில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது அப்படி ஒன்று கட்டாயம். தேதி சொல்லிவிட்டு வரும் ஆடிட்டுக்கு முந்தின வாரம் எந்த ஆலையும் பளபளவென்றுதான் இருக்கும். விட்டுப்போன பதிவேடுகளை ஒரே பேனாவில் ஒரே உட்காரலில் நிரப்பும் வேலையும் அப்போதுதான் நடக்கும்.

லேப் ரிப்போர்ட்டை நம்புவதிலும் கவனம் வேண்டும். பீனட் கார்ப்பரேஷன் வழக்கில், சோதனை முடிவு வருமுன்பே சரக்கு போனதும், வாடிக்கையாளருக்குப் போலிச் சோதனைச் சான்றுகள் போனதும் நீதிமன்றத்தில் வெளிவந்தன. 2015-இல் அதன் தலைவருக்கு 28 ஆண்டு சிறை விதித்தார்கள். மோசடியே இல்லாவிட்டாலும் சிக்கல் உண்டு. சால்மொனெல்லா ஒரு லாட் (ஒன்றாகத் தயாரான சரக்குத் தொகுதி) முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. சப்ளையரே எடுத்து அனுப்பிய ஒரு பொட்டலத்தில் கிருமி இல்லை என்றால், அந்தப் பொட்டலத்தில் இல்லை, அவ்வளவுதான். மாதிரியை யார் எடுத்தார்கள், எந்த லாட், எத்தனை இடத்திலிருந்து என்று பாருங்கள்.

சரி, நம் ஊரில் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் சில காகிதங்களைச் சொல்லிவிடுகிறேன். பொட்டலத்தில் இருக்கும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் தொழில் நடத்தக் கிடைத்த உரிமம் அல்லது பதிவு. மூன்றாம் தரப்பு ஆடிட் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. 'ஐ.எஸ்.ஓ. எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தது' என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ஐ.எஸ்.ஓ. தரநிலைகளை எழுதும் அமைப்பு, யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. தருவது தனியான சான்றளிப்பு நிறுவனங்கள். அவற்றுக்கு இந்தியாவில் என்.ஏ.பி.சி.பி. போன்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 22000 என்பது உணவுப் பாதுகாப்பு நிர்வாக முறைக்கான சான்று, பொட்டலத்துக்குள் இருக்கும் பொருளுக்கானது இல்லை. லேபுக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருந்தாலும், உங்களுக்குத் தேவையான அதே சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பவர்கள் குறைவு.

சான்றிதழில் எழுதியிருக்கும் முகவரியையும், எந்த வேலைக்குச் சான்று என்ற எல்லையையும் வாசிக்காமல் விடுவதும் அதே ரகம். மிளகாய் அரைக்கும் பிரிவுக்குச் சான்று, வாங்குவதோ பக்கத்துக் கொட்டகையில் கலந்து கட்டிய மசாலா!

ஆடிட் முடிந்தபின் செய்யும் மாற்றத்தைத்தான் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ஜென்சன் ஃபார்ம்ஸுக்கு 2010-இலும் ஆடிட் நடந்தது. பழத்தைக் குளிர்விக்கத் திரும்பத் திரும்பச் சுற்றும் தண்ணீர் ஆபத்தாகலாம் என்று அப்போதே சொன்னார்கள். பண்ணையும் அதைக் கேட்டது. 2011-இல், முன்பு உருளைக்கிழங்குக்குப் பயன்பட்ட பழைய கழுவும் எந்திரத்தை வாங்கிப் போட்டது. கிருமிநாசினி நின்றது அந்த மாற்றத்தோடுதான். எந்திரமோ நன்றாகச் சுத்தம் செய்யவே முடியாத அமைப்பு, கிடங்குத் தரையிலும் தண்ணீர் தேங்கியது. குறையைச் சரிசெய்தாயிற்று என்று விட்டுவிட்டார்கள், புதிய ஏற்பாடு என்ன ஆபத்தைக் கொண்டுவரும் என்று உட்கார்ந்து யோசிக்கவில்லை. எந்திரம், தண்ணீர், மூலப்பொருள், துணை ஒப்பந்ததாரர் என எது மாறினாலும் சரக்கு கிளம்பும் முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற வரியைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.