மீட்டரின் சிவப்பு விளக்கை எண்ணிப் பாருங்கள்

ஒரு கல்லூரியின் எரிசக்தி சேமிப்பு மையத்தில் லேப் பார்க்கிறேன். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம், எது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்கப் பிள்ளைகளை வீடு வீடாகக் கூட்டிப்போகும்போது கருவி எதுவும் எடுப்பதில்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கரண்ட் மீட்டரும் கையில் இருக்கும் செல்போனும் போதும்.

முதலில் உங்கள் மீட்டர் எதுவென்று இ.பி. கார்டிலுள்ள எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே பலகையில் ஆறு மீட்டர் இருந்த இடத்தில், பக்கத்து வீட்டு ஏசியை அரை மணி நேரம் கணக்குப் போட்டவன் நான். சீலைத் தொடாதீர்கள், பார்த்தால் போதும். மீட்டரின் முகத்தில் 3200 என்றோ 1600 என்றோ அச்சாகியிருக்கும். சிவப்பு விளக்கு அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட்.

இப்போது ஃப்ரிட்ஜ் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை வினாடி? 3200 மீட்டர் என்றால் 1125-ஐ அந்த வினாடியால் வகுங்கள், வாட் கிடைத்துவிடும். 1600 என்றால் 2250-ஐ. 3200 மீட்டரில் 15 வினாடி வந்தால் 75 வாட், பழைய ஃபேன். குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேனுக்கு 40 வினாடி வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் அந்த ஃபேனையும் நிறுத்துங்கள். சுவாரசியமே இங்கேதான். கொருக்குப்பேட்டையில் ஒரு அக்கா, "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன் சார்" என்று மாடியிலிருந்து கத்துகிறார். கீழே விளக்கு 40 வினாடிக்கு ஒருமுறை சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. மேலே போய்ப் பார்த்தால் ரிமோட்டில் மட்டும் அணைத்த செட்டாப் பாக்ஸ், அதன் பக்கத்தில் தம்பி வாங்கிப்போட்ட ஹோம் தியேட்டர். 28 வாட், இரவும் பகலும். இரண்டு மாதத்துக்கு 40 யூனிட்! அப்போது இலவசமாகக் கிடைத்த 100 யூனிட்டில் 40 இப்படியே போயிருக்கிறது. ஸ்விட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கி மாட்டினார், சரியாகிவிட்டது.

ஃப்ரிட்ஜுக்குச் சிமிட்டலை எண்ணிப் பயனில்லை, கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடும். ஒரு நாள் முழுக்க ரீடிங் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக மெயினையே அணைத்துப் பாருங்கள். அப்போதும் சிமிட்டினால் உங்கள் மீட்டரிலிருந்து வேறெங்கோ வயர் போகிறது. நோண்டாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.