டெவில் டாகர்ஸ்: விரலை எடுக்கத் தெரியாமல் செய்யும் தவறுகள்

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சொராத் என்ற சின்னக் குழு 2016 பிப்ரவரியில் வெளியிட்ட டெவில் டாகர்ஸ் என்ற கம்ப்யூட்டர் ஷூட்டிங் கேம், விலையிலும் சிறியது, அளவிலும் சிறியது. இருட்டில் மிதக்கும் ஒரே ஒரு வட்டத் தரை, அவ்வளவுதான். கதை கிடையாது, லெவல் கிடையாது, ஹெல்த் பார் கிடையாது. எந்த எதிரி தொட்டாலும் சாவு. எத்தனை விநாடி தாக்குப்பிடித்தீர்கள் என்பதுதான் ஸ்கோர். கேமில் உள்ள ஒரே அச்சீவ்மென்ட் 500 விநாடியைத் தாண்டுவது. வாங்கியவர்களில் பலர் 30 விநாடிக்குள் பத்து தடவை செத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்தச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் குறி தவறியதல்ல, மவுஸின் இடது கிளிக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்ததுதான்.

இடது பட்டனுக்கு இரண்டு வேலை. அழுத்திப் பிடித்தால் உங்கள் கையிலிருந்து கத்திகள் தாரையாகப் பாயும். தட்டி விட்டால் ஷாட்கன் போல ஒரே கொத்தாகச் சிதறும். தொடக்க நிலையில் தாரை விநாடிக்கு 20 கத்தி, ஒரு தட்டுக்கு 10. அதாவது அரை விநாடி தாரையை ஒரே கணத்தில் இறக்கிவிடுகிறது ஒரு தட்டு. கிட்டத்தில் தட்டு, தூரத்தில் தாரை. புதியவர்கள் கிட்டத்தில் வருவதற்கும் தாரையையே நம்பி, பறந்து வரும் எதிரியான மண்டை ஓடு முகத்தில் மோதும்வரை பிடித்த பிடியை விடுவதில்லை.

அடுத்தது, எதைச் சுடுவது என்பது. கூட்டமாகப் பறந்து வரும் சின்ன மண்டை ஓடுகள் விளைவுதான். அவற்றைக் கக்கும் ஸ்க்விட் கோபுரம்தான் காரணம். முதல் வகை ஸ்க்விட் 20 விநாடிக்கு ஒருமுறை பத்துச் சின்ன மண்டைகளையும் ஒரு கொம்பு மண்டையையும் வெளியே விடும். சின்னவற்றை ஒவ்வொன்றாகத் துரத்திச் சுட்டுக்கொண்டிருந்தால், முடிப்பதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். ஸ்க்விட்டின் உடம்பில் எங்கே அடித்தாலும் பயனில்லை. அதில் பதிந்துள்ள சிவப்பு ஜெம்மில் (ரத்தினக்கல்லில்)தான் அடி விழ வேண்டும். அது சுழன்றுகொண்டே இருப்பதால், ஜெம் உங்கள் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, நெருங்கிப் போய்த் தட்டுங்கள். முதல் வகை தாங்குவது 10 அடி. எல்லாக் கத்தியும் பட்டால் ஒரே தட்டில் காலி. இரண்டாம் வகையில் ஜெம் இரண்டு, மூன்றாம் வகையில் மூன்று. அங்கே சுற்றி வந்துதான் அடிக்க வேண்டும்.

கீழே விழும் ஜெம்களைச் சேர்த்தால்தான் கை வலுப்பெறும். 10 ஜெம்முக்கு இரண்டாம் நிலை, மொத்தம் 70 ஆனால் மூன்றாம் நிலை. ஒரு தட்டில் பறக்கும் கத்திகள் 10-லிருந்து 20, பிறகு 40 என்று இரட்டிக்கும். இங்கேதான் அழுத்திப் பிடிக்கும் பழக்கம் நேரடியாகக் கழுத்தை அறுக்கிறது: சுட்டுக்கொண்டிருக்கும்போது ஜெம்கள் உங்களை நோக்கி வராது. விரலை எடுத்தால்தான் அவை மிதந்து வந்து ஒட்டும். சுடு, நிறுத்து, வாங்கிக்கொள், திரும்பச் சுடு என்பதுதான் இந்த கேமின் தாளம். வாங்காமல் விட்ட ஜெம் சும்மா கிடக்கும் என்று நினைத்தால், சிலந்தி வந்து அவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இழுத்ததெல்லாம் முட்டையாகிக் குஞ்சாக உங்களிடமே திரும்பி வரும். சிலந்தியைக் கண்டால் மற்ற வேலையை ஒத்திப்போடுவது நல்லது.

மூன்றாம் நிலைக்குப் பிறகு எடுக்கும் ஒவ்வொரு ஜெம்மும் இலக்கைத் தானாகத் தேடிப்போகும் ஒரு கத்தியாகச் சேரும். கையில் வந்ததும் வீசிவிடத்தான் தோன்றும். வீசாதீர்கள். 150 சேர்ந்தால் நான்காம் நிலை கிடைக்கும். இடையில் செலவழித்தால் அந்தக் கணக்கு பின்னால் போகும். உயிர் போகிற நெருக்கடியில் மட்டும் விதிவிலக்கு.

நகர்வதிலும் ஒரு தவறு பரவலாக உண்டு: எதிரியைப் பார்த்தபடியே பின்னோக்கி நடப்பது. முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது, தரை முடிந்தால் விழுந்து சாவீர்கள். போதாக்குறைக்கு அந்தத் தரை நேரம் ஆக ஆகச் சுருங்குகிறது. 40-ஆவது விநாடியில் பழகிய ஓரம் 300-ஆவது விநாடியில் அதே இடத்தில் இருக்காது. பக்கவாட்டில் பெரிய வட்டமாக ஓடினால் மண்டை ஓடுகள் ஒரே வால் போலப் பின்னால் திரளும். அப்போது சட்டெனத் திரும்பி நாலு தட்டு. காலடி தரையில் படும் கணத்தில் மறுபடி குதித்தால் வேகம் கூடும். குதிக்கும்போதே தரையை நோக்கித் தட்டினால் உயரத் தூக்கிவிடும். 350-ஆவது விநாடியில் லெவியாதன் என்ற பெரிய எதிரி வரும்போது இவை உங்களுக்கு அனிச்சையாகியிருக்க வேண்டும்.

ஸ்பீக்கரில் ஆடுவது பாதி பார்வையை மூடிக்கொண்டு ஆடுவதற்குச் சமம். ஒவ்வொரு எதிரிக்கும் தனி ஒலி உண்டு, அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது ஹெட்போனில் தெளிவாகக் கேட்கும். பின்னால் நெருங்கும் மண்டை ஓட்டை அறிய வேறு வழி இல்லை. மவுஸ் ஆக்ஸலரேஷனையும் கம்ப்யூட்டர் செட்டிங்கில் அணைத்துவிடுங்கள். திடீரென 180 டிகிரி திரும்பும்போது கை நகர்ந்த தூரத்துக்கும் திரும்பிய கோணத்துக்கும் ஒரே கணக்கு இருந்தால்தான் பழக்கம் படியும். படம் கட்டம் கட்டமாகத் தெரிவதைக் கோளாறு என்று எண்ணி கிராஃபிக்ஸ் டிரைவரில் எதையாவது மாற்ற வேண்டாம். 90-களின் கேம்களைப் போலத் தெரிய வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

லீடர்போர்டில் உள்ளவர்களின் ஆட்டத்தை கேமுக்குள்ளேயே ரீப்ளேயாகப் பார்க்கலாம். எல்லோரும் முதலிடத்தைத்தான் திறக்கிறார்கள். 1,000 விநாடியைத் தாண்டியவர் கைப்பழக்கத்தில் செய்வதைப் பார்த்து, 45 விநாடியில் சாகிறவர் கற்க ஒன்றுமில்லை. உங்களைவிட 30, 40 விநாடி கூடுதலாக நின்றவரின் ஆட்டத்தைத் திறந்து, முதல் ஸ்க்விட்டை எந்தப் பக்கத்திலிருந்து நெருங்குகிறார், எப்போது விரலை எடுக்கிறார் என்று மட்டும் பாருங்கள். முதல் குறி 60 விநாடி, அதற்கு வெண்கலக் கத்தி. 120-க்கு வெள்ளி, 250-க்குத் தங்கம்.