விடைத்தாள் கட்டு இப்போது யார் கையில்? ஆர்எஃப்ஐடி வைத்து ஒரு எளிய ஏற்பாடு

போன பருவத் தேர்வில் ஒரு விடைத்தாள் கட்டு இரண்டரை மணி நேரம் காணாமல் போனது. பதிவேட்டில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று என் கையெழுத்தே இருக்கிறது, கட்டைத்தான் காணோம். கடைசியில் மிச்சமான வெற்றுத் தாள்களை அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிக்குள் கிடைத்தது. பதினொரு கட்டும் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்தபோது, எண்ணிப் பார்க்காமல் மளமளவென்று பதினொரு கையெழுத்து போட்டவன் நான்தான். அந்த வெட்கத்தில் செய்துபார்த்தது இது: ஒவ்வொரு கட்டிலும் ஒரு ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலை வழியாகத் தன் எண்ணைச் சொல்லும் சின்ன ஸ்டிக்கர்) ஒட்டி, அது எந்த மேசைக்கு எப்போது வந்தது என்று ரீடர் கருவியால் பதிவுசெய்வது. அடுத்த தேர்வில் வேலை செய்தது.

முதலிலேயே ஒன்று. ஆர்எஃப்ஐடி என்றதும் எல்லோரும் மாணவர் கையில் கார்டைக் கொடுத்து வருகைப் பதிவு எடுக்கத்தான் நினைக்கிறார்கள். நான் அதை ஆதரிக்க மாட்டேன். கார்டு வந்தது ரீடருக்குத் தெரியும், அதைக் கொண்டுவந்தவர் யார் என்பது தெரியாது. ஆள்மாறாட்டத்தைப் பிடிக்க நுழைவுச்சீட்டுப் படத்தையும் முகத்தையும் ஒரு கண்காணிப்பாளர் பார்த்தே ஆகவேண்டும். தவிர, மைஃபேர் கிளாசிக் வகைக் கார்டுகளின் குறியாக்கப் பூட்டு 2008-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. எண்ணை மாற்றி எழுதக்கூடிய வெற்றுக் கார்டுகளும் கிடைக்கின்றன. ஆளை விடுங்கள், தாளைப் பின்தொடருங்கள்.

என்ன வாங்குவது

13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஸ்டிக்கர் டேகுகள், அவற்றைப் படிக்கும் யுஎஸ்பி ரீடர்கள். அவ்வளவுதான். டேகுக்கு பேட்டரி கிடையாது, ரீடரின் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் பேசும்.

தூரம் குறைவாயிற்றே என்று யுஎச்எஃப் (இன்னும் உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்கும் ஆர்எஃப்ஐடி) பக்கம் போகாதீர்கள். அது பல மீட்டர் தூரம் படிக்கும், ஆனால் மூடிய கதவுக்கு அப்பால் இருக்கும் கட்டையும் சேர்த்துப் படித்து ‘வந்துவிட்டது’ என்று சொல்லும். நமக்கு வேண்டியது, ஒருவர் கட்டைக் கையில் எடுத்து ரீடர்மேல் வைத்தால் மட்டுமே பதிவாக வேண்டும் என்பது. இங்கே குறைந்த தூரம் ஒரு வசதி.

ஆர்டுயினோவும் (நாமே நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) ஆர்சி522 என்ற டேக் படிக்கும் பலகையும் வைத்து ரீடரை நீங்களே செய்யலாம். நானும் செய்தேன், ஒரு வார இறுதி போனது. ஆர்சி522 பலகைக்கு 3.3 வோல்ட்தான் கொடுக்க வேண்டும், 5 வோல்ட் கொடுத்தால் கெட்டுப்போகலாம். கற்றுக்கொள்ள நல்லது. தேர்வு நாளில் தளர்ந்த ஒரு கம்பியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதால் கடையில் கிடைக்கும் யுஎஸ்பி ரீடரே என் விருப்பம்.

படி 1: ஒட்டுவது

கட்டு உறையின் மேல் வலது மூலையில் ஒரு டேக். ஸ்டேப்ளர் பின் அதன்மேல் பட்டால் உள்ளே இருக்கும் ஆன்டெனாச் சுருள் அறுந்து டேக் செத்துவிடும், அதனால் பின் இடது பக்கம். டேகுக்குப் பக்கத்திலேயே கட்டு எண்ணைப் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். மின்சாரம் போனால் அதுதான் காப்பாற்றும்.

படி 2: எண்ணைப் பதிவுசெய்வது (இங்கேதான் நான் விழுந்தேன்)

யுஎஸ்பி ரீடர் பெரும்பாலும் கீபோர்டு மாதிரி நடந்துகொள்ளும். டேகை வைத்தால் எண்ணைத் தட்டச்சு செய்து என்டரையும் தட்டும். எக்செல்லைத் திறந்து டேக்குகளை ஒவ்வொன்றாக வைத்தால் பட்டியல் தயார் என்று நினைத்தேன்.

வீட்டில் மொபைலின் என்எஃப்சி (இந்த டேகுகளைப் படிக்கும் வசதி) வழியாகப் பதிவுசெய்த பட்டியலை எடுத்துக்கொண்டு போனால், ரீடரில் ஒரு டேகும் பொருந்தவில்லை. ஸ்டிக்கர் மொத்தமும் கெட்டுப்போச்சு என்று திருப்பி அனுப்பவே கிளம்பிவிட்டேன். உண்மையில் ஒரே எண்தான், எழுதும் விதம்தான் வேறு. மொபைல் காட்டியது 26 48 91 07 என்ற பதினாறடிமான எண் (ஹெக்சாடெசிமல், 0–9 இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும் வரும்). அதை அப்படியே பதின்மத்துக்கு (நாம் வழக்கமாக எழுதும் எண்முறை) மாற்றினால் 0642289927. என் ரீடரோ பைட்டுகளை (அந்த இரண்டிரண்டு இலக்கத் துண்டுகளை) கடைசியிலிருந்து படித்து, 07 91 48 26 ஆக எடுத்துக்கொண்டு 0126961702 என்று எழுதியது. மூன்றும் ஒரே ஸ்டிக்கர்தான்! காகிதத்தில் பெருக்கிப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

தீர்வு சுலபம்: எந்த ரீடரில் படிக்கப்போகிறீர்களோ அதிலேயே பதிவுசெய்யுங்கள். எல்லா மேசைக்கும் ஒரே மாடல். மொபைலைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பூஜ்யம். 0126961702 என்பது எக்செல்லுக்குள் போனதும் 126961702 ஆகிவிடும். நெடுவரிசையை முன்கூட்டியே ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிட வேண்டும். சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) சேமித்தால் அதை இருமுறை கிளிக்கி நேரடியாகத் திறக்கவே கூடாது, பூஜ்யம் மறுபடி ஓடிவிடும். இம்போர்ட் வழியாகப் போய் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துத் திறங்கள்.

பதினாறடிமான எண்ணாகவே அனுப்பும் ரீடர் என்றால் சிக்கல் வேறு. 26481, அதன்பின் ஆங்கில ‘ஈ’, அதன்பின் 07 என்று ஒரு டேக் இருந்தது. எக்செல் அதைப் பத்தின் ஏழாம் அடுக்கு என்று புரிந்துகொண்டு கோடிகளில் ஒரு தொகை ஆக்கிவிட்டது. அதே டேகை நண்பர் ஒருவர் மடிக்கணினியில் வைத்தபோது 26481ஊ07 என்று வந்தது. கீபோர்டு தமிழ்99-இல் இருந்தது, ரீடர் சின்ன எழுத்தில் அனுப்பியது. தமிழ்99-இல் அந்த விசைக்கு ‘ஊ’. சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அன்றிலிருந்து பத்து இலக்கப் பதின்ம எண் தரும் ரீடரைத் தவிர வேறொன்றை நான் தொடுவதில்லை.

படி 3: எங்கே, எப்போது

மூன்று இடத்தில் ரீடர் வைத்தேன்: வினாத்தாள் உறை வெளியே போகும் மேசை, விடைத்தாள் கட்டு திரும்பி வரும் மேசை, கட்டுகளை வைத்துப் பூட்டும் அறை வாசல். கட்டு ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். அதைத் தாண்டினால் தேடப் போகலாம்.

நேரம் குறிக்க எக்செல்லின் ‘நவ்’ சூத்திரத்தைப் போடாதீர்கள். தாள் மறுகணக்கு செய்யும்போதெல்லாம் அது மாறும். மாலையில் பார்த்தால் எல்லாக் கட்டும் ஒரே நொடியில் வந்ததாகக் காட்டும். பைத்தான் நிரல்மொழியில் பத்துப் பதினைந்து வரி போதும்: ஒரு வரியை வாங்கு, நேரத்தைச் சேர், மேசையின் பெயரைச் சேர், கோப்பின் கடைசியில் எழுது. அதே எண் ஐந்து நொடிக்குள் மறுபடி வந்தால் விட்டுவிடு (டேகை எடுக்க மறந்தால் சில ரீடர்கள் திரும்பத் திரும்பத் தட்டும்). மேசைக் கணினிகளின் கடிகாரங்களைக் காலையில் ஒரே நேரத்துக்குச் சரிசெய்துவிடுங்கள். இல்லையென்றால் கட்டு புறப்படும் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும்.

படி 4: ஒத்திகை

முந்தின நாள் வெற்றுக் கட்டுகளை வைத்து முழுச் சுற்றையும் நடந்து பாருங்கள். கணினித் திரையில் எந்த ஜன்னல் முன்னால் திறந்திருக்கிறதோ அதில்தான் ரீடர் தட்டச்சு செய்யும். ஒத்திகையில் ஒருவருடைய வாட்ஸ்அப் திறந்திருந்தது. எட்டுக் கட்டு எண்கள் வரிசையாக அவருடைய மாமாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தக் கணினியில் வேறெதுவும் திறக்கக் கூடாது.

கட்டைக் கையில் வாங்கி, டேகை வைத்து, சத்தம் கேட்ட பிறகுதான் கையெழுத்து. இந்த வரிசை மாறவே கூடாது. பதினொரு கையெழுத்தைச் சேர்த்துப் போடும் பழைய பழக்கம் எனக்கே இரண்டு தடவை எட்டிப் பார்த்தது.

பின்சேர்க்கை 1: ஸ்டிக்கரை இரும்புப் பெட்டியில் ஒட்டினேன், படிக்கவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உலோகம் காந்தப்புலத்தைத் தின்றுவிடும். ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான் போன்ற பொருள்) அடுக்கு வைத்த, உலோகத்துக்கென்றே செய்த டேக் வாங்குங்கள். அல்லது பெட்டியை விட்டுவிட்டு உள்ளே போகும் உறைகளில் மட்டும் ஒட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: டேகுக்குப் பதிலாகப் பழைய மொபைலையே வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். பல மொபைல்கள் ஒவ்வொரு முறையும் 08-இல் தொடங்கும் புதுப்புது எண்ணைத்தான் கொடுக்கும், பட்டியலில் எப்போதுமே பொருந்தாது.

பின்சேர்க்கை 3: என்டேக்213 ஸ்டிக்கர் வாங்கியவர்கள் கவனியுங்கள். அதன் எண் 7 பைட்டு. பத்து இலக்கம் மட்டும் தரும் ரீடர் அதில் 4 பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கைவிடலாம், எனவே பதிவுசெய்யும்போது ஒரே எண் இரண்டு தடவை வருகிறதா என்று பாருங்கள். முழு எண்ணையும் பதின்மத்தில் தரும் ரீடர் என்றால் 17 இலக்கம் வரை போகலாம். எக்செல் எண்ணாக வைத்துக்கொள்வது 15 இலக்கம்தான், அதற்கு மேற்பட்ட கடைசி இலக்கங்களைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். அங்கேயும் டெக்ஸ்ட் நெடுவரிசைதான்.