மொரீசியஸில் காரில் ஒரு நாள்: மலை முதலில், கடல் பிறகு

மொரீசியஸின் தென்மேற்கைக் குடும்பத்துடன் காரில் சுற்றுவதாக இருந்தால், காலையிலேயே மலைக்குப் போய்விடுங்கள். கடற்கரையில் வெயில் கொளுத்தும்போதும் நடு மேட்டுநிலத்தில் மேகம் கவிந்து தூறல் போடும். நேரம் ஆக ஆகக் காட்சிமுனைகள் மூடுபனியில் மறையக்கூடும். குழந்தைகளுக்கு ஒரு ஸ்வெட்டர் அவசியம்.

கிராண்ட் பாசின் ஏரிக்கோயிலில் தொடங்கி, பிளாக் ரிவர் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, ஷாமரேலின் ஏழு வண்ண மண்ணுக்கு வாருங்கள். கோயில் பக்கம் குரங்குகள் உண்டு. தின்பண்டப் பையைக் காருக்குள்ளேயே வையுங்கள்.

நம் ஊரைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் ஷாமரேலிலிருந்து கடலோரம் இறங்கும் பாதை செங்குத்தானது, கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாட்டைக் கீழே இறங்கிய பிறகே கொடுப்பது நல்லது.

மாலைக்கு லெ மோர்ன் குன்றின் அடியிலுள்ள கடற்கரை. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமான அந்தக் குன்று, தப்பி வந்த அடிமைகளின் புகலிடம். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஜூன், ஜூலையில் 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.