மாசியில் காய்ந்து நிற்கும் செடியைப் பிடுங்காதீர்கள்

வேலூரில் மாசி பிறந்ததும் வேம்பும் புங்கனும் இலை கொட்ட ஆரம்பிக்கும். தெருவெல்லாம் சருகு. வீட்டுத் தோட்டமும் அப்போது பார்க்கச் சகிக்காது. மார்கழிப் பனியில் மஞ்சளடித்த கறிவேப்பிலை, குச்சியாக நிற்கும் மல்லி, போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்த தொட்டி. புதிதாகச் செடி வளர்ப்பவர்கள் இந்த நேரத்தில்தான் "எல்லாம் போச்சு" என்று பிடுங்கி எறிகிறார்கள். பங்குனியில் அதே வேம்பு செந்தளிர் விட்டு, வருஷப் பிறப்புப் பச்சடிக்குப் பூவும் கொடுத்துவிடும். உங்கள் செடிக்கும் அந்த அவகாசத்தைக் கொடுங்கள்.

முதல் வேலை, உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. கிளையின் நுனிப் பக்கம் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் அந்தக் கிளை பிழைத்திருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். பச்சை எங்கே தொடங்குகிறது என்று தெரியும்வரை இறங்கலாம். மண்ணை ஒட்டிய தண்டில் ஒரு விரல் அளவு பச்சை இருந்தாலே போதும், செடி திரும்பும்.

அடுத்தது வெட்டு. பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு கணுவுக்கு மேலே, சாய்வாக வெட்டுங்கள். கணு வெளிப்பக்கம் பார்த்திருந்தால் நல்லது. புதுக் கிளை நடுவில் போய் நெருக்காது. செம்பருத்தியைத் தயங்காமல் வெட்டலாம், புதுக் கிளையில்தான் அது பூக்கும். கறிவேப்பிலையில் நுனியைக் கிள்ளுங்கள், பூங்கொத்து வந்தால் அதையும் கிள்ளிவிடுங்கள். நமக்கு இலைதானே வேண்டும்! காய்த்து ஓய்ந்த கத்தரியைக்கூட அரை அடி விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி, 2023இல் புவிசார் குறியீடு பெற்றதே, அதை யாராவது உங்களுக்குக் கொடுத்திருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள்.

குண்டுமல்லி விஷயம் கொஞ்சம் வேறு. அதைக் கவாத்து செய்யச் சரியான காலம் கார்த்திகை. ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டிவிடுவார்கள். அப்போது விட்டுவிட்டீர்களா? மாசி தொடக்கத்தில் காய்ந்த குச்சி, மெலிந்த குச்சிகளை மட்டும் எடுங்கள். பூ கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். மொட்டு கட்டிவிட்டதென்றால் கட்டரைக் கீழே வைத்துவிடுங்கள்.

ரோஜாவில் ஒரு ஏமாற்று உண்டு. நர்சரி ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி, அதாவது வேறொரு ரோஜாவின் அடித்தண்டில் ஒட்டி வளர்த்தது. ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒரு கிளை விறுவிறுவென்று கிளம்பினால் சந்தோஷப்படாதீர்கள். அது அடிச்செடியின் கிளை. அடியோடு கிள்ளி எறியுங்கள், இல்லாவிட்டால் மேலே இருக்கும் நல்ல ரோஜாவுக்குப் போக வேண்டியதை அது உறிஞ்சிவிடும்.

இனி மண். நன்றாகக் காய்ந்த தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் ஓரமாக வழிந்து அடியில் வெளியேறிவிடும், வேர் நனையாது. மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறி, உப்புப் படிந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு தடவை ஊற்றுங்கள். அப்புறம் அந்த வேப்பஞ்சருகைக் கொளுத்தாமல் தொட்டிமேல் மூடாக்காகப் பரப்புங்கள். பங்குனி வெயிலுக்கு ஈரம் காக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

உரத்தை மட்டும் இப்போது போடாதீர்கள். இலை இல்லாத செடிக்கு அது பெரிதாகப் பயன்படாது, அதிகமானால் வேர் கருகும். துளிர் வந்து இரண்டு மூன்று இலை விரிந்த பிறகு, 12 அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு ஸ்பூன் வேப்பம் புண்ணாக்கு போதும்.

தினமும் காலையில் தண்ணீர் விடும்போது கணுக்களைப் பாருங்கள். முதலில் கணு லேசாக உப்பும், பிறகு பச்சை முனை தெரியும். இளந்தளிர் வந்ததும் மாவுப்பூச்சியும் வந்துவிடும், செம்பருத்தியில் முக்கியமாக. எறும்பு ஏறி இறங்குகிறதென்றால் இலைக்கு அடியில் பாருங்கள். கொஞ்சமாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சியே கழுவிவிடலாம். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் தளிர் கருகும்.

மொட்டை மாடியில் வைத்திருப்பவர்கள் சித்திரை பிறப்பதற்குள் தொட்டிகளைச் செங்கல்மேல் ஏற்றி, நிழல்வலை கட்டிவிடுங்கள். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு ஓடினால் பயனில்லை.

பங்குனி முடிந்தும் ஒரு துளிர்கூட வரவில்லை, அடித்தண்டைச் சுரண்டினாலும் பழுப்புதான் என்றால், சரி, இப்போது பிடுங்கலாம். வேர் அழுகியிருக்கிறதா என்று பாருங்கள். அழுகவில்லை என்றால் மண்ணை உதறி, தொழுவுரம் கலந்து, வெண்டை விதை ஊன்றுங்கள். வெயிலைத் தாங்கும் செடி அது. 45 நாளில் காய் பறிக்கலாம்.